ஒரு தாள், எட்டுப் பக்கம்: பாடத்தைப் புத்தகமாக்கும் பிள்ளைகள்

பள்ளிக்கூடம் திறந்ததும் விலையில்லாப் பாடநூல் வருகிறது, நோட்டு வருகிறது, பையும் வருகிறது. நம் பிள்ளைகள் சுமக்கும் பையில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களே எழுதிய புத்தகம் ஒன்றுகூட அந்தப் பையில் இல்லை. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறார்கள். நோட்டில் இருப்பதை மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் அதையே திருப்பி எழுதுகிறார்கள். தனக்குப் புரிந்ததைத் தன் சொல்லிலும் தன் படத்திலும் சொல்ல ஒரு பிள்ளைக்கு எங்கே இடம் இருக்கிறது?

இந்தக் கேள்வியை நாம் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூறு பேரில் 31 பேர் பட்டியல் சாதியினர். நம் வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் முதல் தலைமுறையோ இரண்டாம் தலைமுறையோதான் இன்னும் அதிகம். காட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய் இருட்டியபின் வீடு திரும்பும் பெற்றோரால் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லித்தர முடிவதில்லை. புரியாத பாடத்தை வகுப்பில் ‘புரியவில்லை’ என்று சொல்லவும் கூச்சம். அப்படி வாய் திறக்காமலே எட்டாம் வகுப்பு வரை வந்துவிடும் பிள்ளை, ஒன்பதிலும் பத்திலும் திணறுகிறது. பள்ளியைவிட்டு நிற்கும் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு ஒரே மருந்து என்று எதையும் நாம் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு கத்தரிக்கோல் ஆகியவற்றோடு தொடங்கக்கூடிய ஒரு வழி இருக்கிறது. பாடத்தைப் பிள்ளையே படக்கதைப் புத்தகமாகச் செய்வதுதான் அந்த வழி.

மடித்தால் புத்தகம்

ஆங்கிலத்தில் இந்தச் சிறு புத்தகத்தை ‘ஜீன்’ என்கிறார்கள். இது மரபணுவைக் குறிக்கும் ஜீன் அல்ல. ‘மேகஜின்’ என்ற சொல்லின் வால். 1930களில் அமெரிக்காவில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் தாங்களே எழுதிப் பெருக்கி ஆளுக்காள் அனுப்பிக்கொண்ட இதழ்களிலிருந்து வந்த வழக்கு. நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: கையெழுத்துப் பத்திரிகை. அச்சகமும் வேண்டாம், ஆசிரியர் குழுவும் வேண்டாம். செய்பவரே எழுத்தாளர், ஓவியர், வெளியீட்டாளர்.

செய்முறை எளிது. ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் இரண்டுமுறை மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் விழும். மேலே நான்கு, கீழே நான்கு. நடுவே ஓடும் நீளக் கோட்டில், இடையில் உள்ள இரண்டு கட்டங்களின் அளவுக்கு மட்டும் வெட்ட வேண்டும். தாளை மறுபடி நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டிய இடம் வாய் திறந்து, தாள் கூட்டல் குறிபோல நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம் கையில். முன் அட்டை, பின் அட்டை போக உள்ளே ஆறு பக்கம். பிரிப்பதற்கு முன்பே பக்க எண்களைப் போட்டுவிட வேண்டும். ஏனென்றால் விரித்த தாளில் பாதிப் பக்கங்கள் தலைகீழாக நிற்கும்.

எட்டுப் பக்கமும் தாளின் ஒரே முகத்தில் இருப்பதால், ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்தால் முழுப் புத்தகமும் வந்துவிடும். பத்துப் பிரதி எடுத்தால் அது ஒரு பதிப்பு.

இது நமக்குப் புதிதல்ல

சிறு தாளில் சொந்தக் குரலைப் பேசுவது நம் முன்னோர் காட்டிய வழிதான். ரெட்டமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தில், நானூறு பேர் படித்த பள்ளியில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணப் பிள்ளைகள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் யாரோடும் பழகவில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே உள்ளே போவார். வகுப்பு முடிந்ததும் யாரும் உடன் வந்துவிடாதபடி விரைந்து வீட்டுக்கு நடப்பார். இதை அவரே தம் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் சொல்லியிருக்கிறார்.

அப்படி ஒளிந்து படித்த பிள்ளைதான் 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. எந்தப் பெயரைச் சொல்ல அஞ்சி ஓடினாரோ, அந்தப் பெயரையே தலைப்பில் அச்சிட்டார். 1907 ஜூன் 19-ல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைச் சென்னையில் தொடங்கினார். பெயரிலேயே விலை. அதுவும் சிறிய இதழ்தான். ஆனால் வரலாறு, சமயம், மொழி, மருத்துவம் என்று நமக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அதில் பேசப்பட்டது. 1920 ஜனவரி 31-ல் அண்ணல் அம்பேத்கர் மராத்தியில் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்பது அந்தப் பெயரின் பொருள்.

மூவரும் பிறர் தம்மைப் பற்றி எழுதட்டும் என்று காத்திருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டிய முதல் பாடம் இதுவே.

கல்லான மரமும் ஆறு பக்கமும்

படம் வரைந்தால் பாடம் எப்படிப் புரியும் என்று கேட்கலாம். நம் மாவட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆலத்தூர் வட்டம் சாத்தனூரில் கல்மரம் இருக்கிறது. ஏறக்குறைய 18 மீட்டர் நீளம். சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை. 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். ‘தொல்லுயிர் எச்சம்’ என்ற சொல்லுக்குப் பொருளை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அதை ஆறு பக்கப் படக்கதையாக்கச் சொல்லிப் பாருங்கள்.

முதல் பக்கத்தில் மரம் உயிரோடு நிற்கிறது. இரண்டாம் பக்கத்தில் வெள்ளம் அதை அடித்துச் செல்கிறது. மூன்றாம் பக்கத்தில் அது கடலில் அமிழ்ந்து சேற்றில் புதைகிறது. அப்போது இந்தப் பகுதியில் கடல் இருந்தது. நான்காம் பக்கத்தில் தண்ணீரில் கரைந்த சிலிக்கா மரத்துக்குள் ஊறி, மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொள்கிறது. ஐந்தாம் பக்கத்தில் கடல் பின்வாங்குகிறது. ஆறாம் பக்கத்தில் மழை மண்ணை அரிக்க, கல்மரம் வெளியே தெரிகிறது.

நான்காம் பக்கத்துக்கு வரும்போது பிள்ளையின் பென்சில் நிற்கும். மரம் எப்படிக் கல்லாகும்? மரம் மக்கவில்லையா? இந்தக் கேள்விகள் வந்தால்தான் படம் வரும். மனப்பாடம் செய்த வரிக்குள் புரியாததை மறைத்துவிடலாம். படத்தில் மறைக்க முடியாது. எந்தப் பக்கம் காலியாக நிற்கிறதோ, அங்கேதான் பாடம் புரியவில்லை என்று ஆசிரியருக்கும் தெரிந்துவிடும். ‘புரியவில்லை’ என்று கை தூக்காத பிள்ளைக்காக அந்தக் காலிப் பக்கம் கை தூக்குகிறது.

கணக்குக்கு அரும்பாவூரே போதும். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தில் உளி வைப்பதற்கு முன் உருவத்தைப் படமாகவும் அளவாகவும் வகுத்துக்கொள்வது இந்தத் தொழில். சிற்ப மரபில் உருவத்தை அளக்கும் அலகு தாளம். முகத்தின் நீளம் ஒரு தாளம். உயரம் அதைப்போல ஒன்பது மடங்கு வந்தால் நவதாளம். இது நம் பாடநூலில் வரும் ‘விகிதம்’ அல்லாமல் வேறென்ன? நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை ஒரு நூலால் அளக்கட்டும். அந்த நூல் தன் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்க்கட்டும். அப்பாவுக்கு எத்தனை, ஒன்றாம் வகுப்புத் தம்பிக்கு எத்தனை, ஏன் வேறுபடுகிறது? ஆறு பக்கத்தில் ஆறு பேரை வரைந்து, ஒவ்வொருவர் பக்கத்திலும் விகிதத்தை எழுதினால் கணக்குப் பாடமும் முடிந்தது, புத்தகமும் முடிந்தது.

பச்சைமலைத் தண்ணீர் ஏரிக்கு வரும் வழி, மக்காச்சோளம் விதைத்து அறுக்கும் வரையிலான கணக்கு, சின்ன வெங்காயத்தின் விலை வயலிலும் சந்தையிலும் எவ்வளவு மாறுகிறது என்பது போன்றவை நம் பிள்ளைகள் தினமும் பார்ப்பவை. அம்மாவின் களை எடுக்கும் வேலையில் அறிவியல் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. அது புத்தகமாகும்போது, அம்மாவுக்குத் தெரிந்ததும் அறிவுதான் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. நாம் இதைப் பெரிய பயனாக நினைக்கிறோம்.

சமூக அறிவியலில் கவனம் வேண்டும்

அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிப்பது குற்றம் என்கிறது. தேர்வில் இது ஒரு மதிப்பெண் கேள்வி. படக்கதையில் இது எப்படி உயிர் பெறும் என்பதற்கு ‘பீமாயணம்’ நல்ல சான்று. நவயானா பதிப்பகம் 2011-ல் வெளியிட்ட இந்தப் படக்கதை நூலுக்கு மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் படம் வரைந்தார்கள்.

அம்பேத்கர் தம் வாழ்வில் சந்தித்த தீண்டாமையைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளே அதன் அடிப்படை. 1901-ல் சிறுவன் பீமாராவ் தன் அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறான். மசூர் நிலையத்தில் இறங்கியபின் சாதி தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் கூட நடந்து வரும்படி ஆனது. கையில் சாப்பாடு இருந்தும் வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பிள்ளைகள் பட்டினியாகவே படுத்தார்கள்.

இந்த நூலில் ஓவியர்கள் செய்த ஒரு வேலையை நம் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அன்பாகப் பேசுகிறவர் சொற்களைப் பறவை வடிவத்துக்குள் எழுதினார்கள். சாதி பார்த்துப் பேசுகிறவர் சொற்களுக்குத் தேள் கொடுக்கு வைத்தார்கள். எந்தச் சொல் கொட்டும் என்று பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடல் கடந்தும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள், பேருந்தில் இருந்த இனப் பாகுபாட்டை எதிர்த்து ஓராண்டுக்கு மேல் பேருந்தைப் புறக்கணித்தார்கள். அந்தப் போராட்டத்தையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் பற்றி 1957 இறுதியில் 16 பக்கப் படக்கதை ஒன்று வந்தது. விலை பத்து சென்ட். வன்முறை இல்லாமல் எப்படிப் போராடுவது என்று அது படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தது. தென் மாநிலங்களில் இளைஞர்கள் கைக்குக் கை அது மாறியது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ‘உனக்கு நடந்த தீண்டாமையை வரை’ என்று வகுப்பில் எந்தப் பிள்ளையையும் ஆசிரியர் கட்டாயப்படுத்தக் கூடாது. அது பிள்ளையின் சாதியை எல்லோர் முன்னும் அறிவிப்பதாகிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி கூடாது என்றும் மாணவர்களை அகர வரிசையில் அமர்த்த வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. புத்தகம் செய்யும்போதும் அதே நெறி வேண்டும். குழுவை அகர வரிசையில் பிரிக்கலாம். வரைவது, எழுதுவது, வெட்டுவது, கீழே விழுந்த தாளைக் கூட்டி அள்ளுவது எல்லாம் முறைவைத்து எல்லோருக்கும் வர வேண்டும். சிலர் வரைய, சிலர் எப்போதும் கூட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை. தன் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பது பிள்ளையின் உரிமை. அதுவரை அம்பேத்கரின் கதையையும் ரெட்டமலையாரின் கதையையும் வரையட்டும்.

மதிப்பெண் என்ன ஆகும்?

‘போர்ஷன் முடிக்கவே நேரமில்லை’ என்று ஆசிரியர்கள் சொல்வது பொய்யல்ல. எமிஸ் பதிவேற்றம் முதல் எத்தனையோ வேலை அவர்கள் தலையில் இருக்கிறது. ஆனால் இதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரையிலான தொடர் மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு மதிப்பெண் உண்டு. இப்போது அந்தச் செயல்பாடு என்னவாக இருக்கிறது? கடையில் விற்கும் படத்தை வாங்கி சார்ட்டில் ஒட்டி வருவதாகப் பல இடங்களில் சுருங்கிவிட்டது. சார்ட்டுக்கும் படத்துக்கும் கலர் பேனாவுக்கும் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அங்கேயும் மதிப்பெண் குறைகிறது. அதே மதிப்பெண்ணை ஒரு தாளில் செய்த புத்தகத்துக்குக் கொடுக்கலாம். கூடுதல் வேலை இல்லை. கடைக்குப் போகும் வேலை மட்டும் குறையும். படம் அழகாக இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடாமல், நடந்தது வரிசையாக வருகிறதா, காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அரசும் இந்தத் திசையில் சில அடிகள் வைத்திருக்கிறது. 2022 முதல் அரசுப் பள்ளிகளுக்கு ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறார் இதழ்கள் வருகின்றன. செயல்வழிக் கற்றல் வந்தபோது தொடக்கப் பள்ளிச் சுவர்களில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் வைத்தார்கள். கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்த பள்ளி, பெயர் போட்ட புத்தகத்தையும் கொடுக்கலாம்.

எழுத்தறிவும் இதழும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் ஒரு சான்று. பாந்தா மாவட்டத்தில் 1990களில் எழுத்தறிவுத் திட்டத்தில் புதிதாகப் படிக்கக் கற்ற கிராமப் பெண்கள் ‘மகிளா டாகியா’ என்ற இதழைத் தாங்களே எழுதிப் படம் வரைந்து தயாரித்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து 2002-ல் சித்ரகூட்டில் ‘கபர் லஹரியா’ பிறந்தது. தலித், பழங்குடி, முஸ்லிம் பெண்கள் தங்கள் வட்டார மொழியில் நடத்திய செய்தித்தாள் அது. 2009-ல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது அதைத் தேடி வந்தது. எழுதப் படிக்கக் கற்பதும் எழுதுபவராவதும் அவர்களுக்கு ஒரே வேலையாக இருந்தது.

நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடாமல், அந்தக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை வைப்போம். பருவத்துக்கு ஒரு பாடத்திலாவது பிள்ளைகள் புத்தகம் செய்ய வேண்டும். பள்ளி நூலகத்தில் அவற்றுக்கென்று ஒரு தட்டு வேண்டும். ஜெராக்ஸ் செலவைப் பிள்ளைகளிடம் கேட்கக் கூடாது.

நம் தெருக்களில் அம்பேத்கர் பெயரில் இரவுப் பாடசாலை நடத்தும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடம் முடித்தபின் வாரத்தில் ஒருநாள் இதைச் செய்து பாருங்கள். 1920களில் பிரான்ஸ் நாட்டுக் கிராமப் பள்ளி ஆசிரியர் செலஸ்தேன் ஃப்ரெனே, பிள்ளைகள் எழுதியதை அவர்களையே எழுத்துக் கோத்து அச்சிட வைத்தார். அதை வேறு ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பி, அவர்கள் இதழைத் திரும்பப் பெற்றார். அரும்பாவூரில் செய்த மரச்சிற்பப் புத்தகம் அரியலூருக்குப் போகட்டும். அங்கே கடல் இருந்த காலத்தின் கதையைச் சொல்லும் புத்தகம் இங்கே வரட்டும். முகம் பார்க்காத ஒரு பிள்ளை தன் புத்தகத்தைப் படிக்கப்போகிறது என்று தெரிந்தால், எழுத்துப் பிழையைத் திருத்த யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. படம் வராது என்று தயங்க வேண்டாம். குச்சி மனிதன் போதும். நாளை ஒரு பாடத்தை எடுத்து, அதை ஆறு பக்கமாகப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் கை நிற்கிறதோ, அந்த இடத்தை ஆசிரியரிடம் கேளுங்கள். முடித்ததும் முன் அட்டையில் தலைப்புக்குக் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். சிறிதாக எழுத வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி எழுதுங்கள்.